ஈரத்துக்கு இரண்டு கிலோ

அவர்கள் அனுப்பிய பட்டியலில் முதல் வரி:
மெல்லிய பருத்தி உடைகள், ஆறு.
பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன்.
கட்டபெட்டில் நாற்பத்தொரு வருஷம் இருந்தவளிடம்
பருத்தி எங்கிருந்து வரும்?
கம்பளி, கம்பளி, கல்யாணப் பட்டு, மறுபடி கம்பளி.
ஃபேன் மாட்டக் கொக்கிகூட இல்லாத வீடு இது.

கோத்தகிரி மார்க்கெட்டில் நாலு சுடிதார் வாங்கி
சாயம் போகுமோ என்று ஒருமுறை அலசினேன்.
அதுதான் தப்பு.
நவம்பர். ஐந்து நாளாக வெயில் என்ற பேச்சே இல்லை.
கொடியில் போட்டது கொடியிலேயே நனைந்தது.
அடுப்புக்கு மேல், ஹீட்டருக்கு முன்னால், கடைசியில்
அயர்ன் பாக்ஸால் தேய்த்துத் தேய்த்து
ஆவி பறக்கவே மடித்துவைத்தேன்.

கொசுவலை. டார்ச். மலேரியா மாத்திரை.
மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஃபியூஸ் இரண்டு டப்பா.
பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்
ஆட்டோகிளேவுக்கு வைத்தியம் பார்க்கிறவள் நான்.
எந்த நோயாளியும் என் முகத்தைப் பார்த்ததில்லை.
கத்தியும் கத்தரியும் வேகிற அறைக்குப் பின்னால்
குழாய்களுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டிருப்பேன்.

கட்டில் முழுக்கப் பரப்பியிருந்ததைப் பார்த்து
தர்ஷன் கேட்டான்:
"ஏம்மா, அந்த நாட்டுல
ரிப்பேர் பண்ண ஒரு ஆள்கூடக் கிடையாதா?"
ஏதோ பதில் சொன்னேன்.
சொன்னது எனக்கே பிடிக்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரிக்கே எழுதினேன்:
என்னதான் வேண்டும் உங்களுக்கு?
மலாவியில், ஏரிக்கரையிலிருந்து,
சிசோமோ என்ற மெக்கானிக் பதில் போட்டார்.
மெஷினை எங்களுக்குத் தெரியும், சகோதரி.
இரண்டு வருஷமாக சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்
கதவை அடைத்துக்கொண்டிருக்கிறோம்.
நீங்கள் வருவதில் சந்தோஷம்.
கதவு ரப்பர் வருவது அவசியம்.
சிலிகான், பதினாலு மில்லி, பன்னிரண்டு மீட்டர்.

சுருக்கென்றது.
திரும்பப் படித்தபோது சிரிப்பு வந்தது.
சைக்கிள் டியூப்!
அதை நானும் ஒட்டியிருக்கிறேன், குன்னூரில்,
ஒரு வாரம் முழுக்க, யாரிடமும் சொல்லாமல்.

கோயமுத்தூர் போய் ரப்பர் வாங்கிவந்தார் போஜன்.
வெள்ளைப் பாம்பாகச் சுருண்டு படுத்ததும்
பெட்டி மூடமாட்டேன் என்றது.
சுடிதாரில் இரண்டு வெளியே போயிற்று.
ஊறுகாய் வெளியே. இன்னொரு ஜோடி செருப்பு வெளியே.
பரிசாக இருக்கட்டுமென்று வைத்த நாலு பொட்டலம் டீத்தூளும்.
அங்கேயும் தேயிலை மலை இருக்கிறதாம்,
பச்சைக் கொழுந்தின் விலையைத் திட்டுகிறவர்களும்
இருப்பார்கள்.

அனுமதி இருபத்துமூன்று கிலோ.
கொழுந்து நிறுக்கிற ஷெட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.
பெள்ளிராஜ் பெட்டியைக் கொக்கியில் மாட்டினார்,
முள் ஆடி நிற்கிறவரை பொறுத்திருந்தார்,
பழகின வாய் சொல்லிவிட்டது:
"இருபத்தஞ்சு. ஈரத்துக்கு ரெண்டு கழிச்சா
இருபத்துமூணு. சரியாப்போச்சு."

மூட்டையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள்,
தினமும் அந்த இரண்டை விட்டுக்கொடுக்கிறவர்கள்.
ஒருத்தி கேட்டாள்,
"ஏரோப்ளேன்காரனும் கழிப்பானா, அக்கா?"

கழிக்கமாட்டான்.
மல்டிமீட்டர் கைப்பைக்கு மாறியது.
எதற்கென்றே தெரியாமல் அடியில் வைத்திருந்த
பழுப்பு ஸ்வெட்டரை உருவி
அங்கேயே போட்டுக்கொண்டேன்.

விடிகாலை பஸ். மேட்டுப்பாளையம்வரை போஜனும் வருகிறார்.
குஞ்சப்பனை தாண்டும்போது காது அடைக்கும், வேர்க்கும்.
ஸ்வெட்டரைக் கழற்றி அவர் மடியில் போடுவேன்.
மேலே எடுத்துப்போங்கள்,
அப்படியே ஆணியில் மாட்டிவையுங்கள்,
துவைக்கிறேன் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.
நான் திரும்பி வருகிறவரை
காயாது.